மிக்சி ஓடவில்லையா? கடைக்குத் தூக்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

வீட்டில் ஒரு சாமான் ஓடவில்லை என்றால் நம் ஊரில் இரண்டு முடிவுதான். ஒன்று, உடனே மெக்கானிக் கடை. இல்லை, பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடை. இரண்டுக்கும் முன்னால் வீட்டிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் செலவழித்தால் பல கேஸ்கள் அங்கேயே முடிந்துவிடும். கெட்டுப்போவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் மோட்டாரோ போர்டோ இல்லை. ப்ளக், ஒயர், சுவிட்ச், கப்ளர் (மிக்சி மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் பல் சக்கரம்), கெப்பாசிட்டர் (ஃபேன் சுற்ற ஆரம்பிக்க உதவும் சின்னப் பெட்டி) போன்ற வெளிப்பக்கச் சில்லறைகள்தான். அதனால் வெளியில் தொடங்கி உள்ளே போக வேண்டும், எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்திவிட வேண்டும். இந்தப் பதிவு முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

கையில் வேண்டியவை: ஒரு டெஸ்டர், ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். மல்டிமீட்டரில் இப்போதைக்கு மூன்று இடம் தெரிந்தால் போதும்: ஒயர் அறுபடாமல் இருந்தால் பீப் சத்தம் கொடுக்கும் கன்டினியூட்டி, மின்தடையைக் காட்டும் ஓம், அடாப்டர் பார்க்க டிசி 20 வோல்ட்.

முதலில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள்

சிரிக்காதீர்கள். ஓடாத மிக்சியை வேறு ஒரு சாக்கெட்டில் சொருகிப் பார்க்காமலே பையில் போட்டு பஸ் ஏறுகிறவர்கள் உண்டு.

காலில் காய்ந்த செருப்போடு, சாக்கெட் சுவிட்சை ஆன் செய்து டெஸ்டரை வையுங்கள். மேலே இருக்கும் பெரிய துளை எர்த். கீழே இரண்டில் வலது பக்கத் துளையில்தான் டெஸ்டர் எரிய வேண்டும். இரண்டு துளையிலும் எரிந்தால் பெரும்பாலும் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) எங்கோ விட்டிருக்கிறது. அது எலக்ட்ரீஷியன் வேலை. இப்போது சுவிட்சை ஆஃப் செய்து மறுபடி வையுங்கள். இன்னும் எரிந்தால் வயரிங் செய்தவர் சுவிட்சை நியூட்ரலில் போட்டிருக்கிறார். பழைய வீடுகளில் இது சகஜம். அதனால்தான் எதைத் திறப்பதாக இருந்தாலும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ப்ளக்கையே பிடுங்கி கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் நம் ஊர்த் தரை எப்போதும் ஈரம்; இதில் சமாதானமே வேண்டாம்.

சாமானைச் சொருகியதும் வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) டப்பென்று விழுகிறதா? அப்படியென்றால் கரண்ட் எங்கோ எர்த்துக்குக் கசிகிறது. வீடுகளில் போடுவது வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் வகை. அது உங்கள் உயிரைக் காப்பாற்றத்தான் விழுகிறது. மறுபடி மறுபடி தூக்கி விட்டுப் பார்க்காதீர்கள்.

மிக்சி: இங்கே கொஞ்சம் நேரம் எடுப்போம்

குமரி மாவட்டத்தில் மிக்சி சாகிற இடம் மீன் குழம்பு. தேங்காய் நைசாக, கெட்டியாக அரைபட வேண்டும் என்று தண்ணீரைக் குறைத்து, ஜாரைக் கழுத்துவரை நிரப்பி, மூடியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு ஓட்டினால் மோட்டார் திணறும். பல மிக்சிகளின் அடியில் 30 நிமிட ரேட்டிங் என்று எழுதியிருக்கும். அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. வழக்கமாக ஐந்து நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் ஓய்வு கொடுக்கும் கணக்கு அது.

திடீரென்று நின்றுவிட்டதா? ப்ளக்கைப் பிடுங்கி, மிக்சியைக் கவிழ்த்து அடியில் பாருங்கள். சிவப்பிலோ கறுப்பிலோ சின்னப் பொத்தான் ஒன்று வெளியே தள்ளிக்கொண்டு இருக்கும். அதுதான் ஓவர்லோட். பத்து நிமிடம் ஆறவிட்டு, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, பொத்தானை அமுக்குங்கள். டிக் என்று உட்காரும். பல மிக்சிகளுக்கு வைத்தியம் இவ்வளவுதான். இதற்கும் கடையில் காசு கொடுக்கிறோம்.

பொத்தான் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால், ப்ளக் பிடுங்கிய நிலையிலேயே மேலே இருக்கும் கப்ளரைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். கல் மாதிரி இறுகி நின்றால் புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) ஜாம் ஆகியிருக்கிறது. ஜாரின் அடிப் புஷ் தேய்ந்து, அரைத்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக மோட்டாருக்குள் இறங்கியிருக்கும். ஜாரைத் தூக்கி அடியைத் துடைத்துப் பாருங்கள். வெள்ளையாகத் தேங்காய்ப்பால் கோடு இருந்தால் குற்றவாளி மோட்டார் இல்லை, ஜார். ஜாரைச் சரிசெய்யாமல் மோட்டாரைச் சரிசெய்தால் சீக்கிரமே மறுபடி கடைக்குப் போக வேண்டியதுதான்.

மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் கப்ளரின் பல் தேய்ந்திருக்கிறது. இதை நீங்களே மாற்றலாம். அடியில் மோட்டார் தண்டைப் பிடித்துக்கொண்டு மேலே கப்ளரைத் திருக வேண்டும். பல மாடல்களில் மறை தலைகீழாக இருக்கும். ஒரு பக்கம் வரவில்லை என்றால் மறு பக்கம் திருகிப் பாருங்கள், சுத்தியலை எடுக்காதீர்கள். பழைய கப்ளரைக் கையோடு கொண்டுபோனால்தான் ஸ்பேர் கடையில் சரியானது கிடைக்கும். நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை எங்கே போனாலும், "எந்தக் கம்பெனி?" என்பதைவிட "சாம்பிள் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஜாரின் அடியில் இருக்கும் கப்ளரையும் பார்த்துவிடுங்கள். ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று ஓடினால் புதிதும் சீக்கிரம் தேயும்.

அப்புறம் கார்பன், அதாவது மோட்டாரின் சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் சின்னக் கட்டை. விட்டு விட்டு ஓடுவது, காற்றுத் துளை வழியே நீலப் பொறி அதிகமாகத் தெரிவது, தட்டினால் ஓடுவது, இதெல்லாம் கார்பன் பிரஷ் தேய்ந்ததன் அடையாளம். அடி மூடியைக் கழற்றினால் மோட்டாரின் இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருக்கும். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சுமார் 6 மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால் மாற்றுங்கள். எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

எரிந்த வார்னிஷ் வாசனை வீடு முழுக்க வந்து, அதன் பிறகு ஓடவில்லை என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஆர்மேச்சர் போச்சு அக்கா" (மோட்டாருக்குள் சுற்றும் செம்புக் கம்பிச் சுருள்) என்று கடைக்காரர் சொல்வதில் அநேகமாகப் பொய் இருக்காது. அந்தக் கம்பியைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங் செலவைக் கேளுங்கள், புது மிக்சி விலையில் பாதியைத் தாண்டினால் யோசியுங்கள். 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்தவற்றுக்கு அப்படிச் செலவழிப்பது என் கணக்கில் நஷ்டம். கப்ளர், கார்பன் வரைக்கும் சரி.

மெதுவாகச் சுற்றும் ஃபேன்

ரெகுலேட்டரை முழுதாக வைத்தும் சீலிங் ஃபேன் சோம்பலாகச் சுற்றுகிறதா? அல்லது ஆன் செய்தால் ம்ம் என்று முனகிக்கொண்டு நிற்கிறதா? ஒரு மரக்குச்சியால் இறக்கையை லேசாகத் தள்ளிவிடுங்கள். தள்ளியதும் ஓட ஆரம்பித்தால் கெட்டது கெப்பாசிட்டர்தான். ஃபேனின் மேல் கிண்ணத்துக்குள் வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருக்கும், பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், சிலவற்றில் 3.15. அதே எண்ணைத்தான் வாங்க வேண்டும். வேகம் கூடட்டும் என்று பெரிதாகப் போட்டால் மோட்டாரின் கம்பிச் சுருள் சூடாகும். மெயின் போர்டில் இருக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு, கெப்பாசிட்டரின் இரு முனையையும் பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் ஒரு முறை சேர்த்துத் தொட்டு, மிச்சம் இருக்கும் சார்ஜை இறக்கிய பிறகே கை வையுங்கள். கரண்ட் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி ஃபேனுக்கு இந்த வைத்தியம் கிடையாது, அதை ஓட்டுவது எலக்ட்ரானிக் போர்டு.

ஏணியில் ஏறியதோடு இறங்கிவிடாதீர்கள். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று கடல் பக்கம் வீடு இருப்பவர்கள் ஃபேன் ராடையும் அது தொங்கும் போல்டையும் அவசியம் பாருங்கள். உப்புக் காற்று ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெயின்ட் உப்பிய இடத்தில் விரலால் சுரண்டினால் துரு அடை அடையாக விழும். போல்ட் கழன்றுவிடாமல் பிடிக்கும் பின் ஊசி பாதியாகத் தேய்ந்திருந்தால், ஃபேன் நன்றாக ஓடினாலும் முதலில் அதை மாற்ற வேண்டும்.

அயர்ன் பாக்ஸ்: மல்டிமீட்டர் பழக நல்ல இடம்

அயர்ன் பாக்ஸ் சூடாகவில்லை என்றால் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். தெர்மோஸ்டாட் குமிழை நடுவில் வைத்து, மீட்டரை ஓமில் வைத்து, ப்ளக்கின் இரண்டு சின்னப் பின்களில் தொடுங்கள். 230 வோல்ட்டில் 1000 வாட் என்றால் கணக்குப்படி 53 ஓம் அளவுக்குக் காட்ட வேண்டும்; 750 வாட்டுக்கு 70. ஒன்றுமே காட்டவில்லையா? பெட்டியின் கழுத்தில் ஒயர் நுழையும் இடத்தை வளைத்து நிமிர்த்துங்கள். எண் வந்து வந்து போனால் ஒயர் அங்கே அறுந்திருக்கிறது. அயர்ன் பாக்ஸில் அடிக்கடி அறுவதும் அங்கேதான். ஆனால் அறுந்ததை முறுக்கி டேப் சுற்றக் கூடாது. சூடு தாங்கும், துணி சுற்றிய மூன்று கோர் ஒயர் முழுதாக வாங்கிப் போடுங்கள்.

இன்னும் இரண்டு சோதனை. பெரிய பின்னிலிருந்து அடித் தகட்டுக்கு பீப் வர வேண்டும், அதுதான் எர்த். சின்னப் பின் எதிலிருந்தும் தகட்டுக்கு எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் அந்தப் பெட்டியைச் சொருகவே வேண்டாம்.

இடிக்குப் பிறகு நெட் வரவில்லை

சித்திரை, வைகாசிக் கோடை மழையும் ஐப்பசி மழையும் மாலையில் இடியோடு வரும்போது இன்டர்நெட் பெட்டிக்கு ஆபத்து. பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். மீட்டரை டிசி 20-ல் வைத்து, சிவப்பு முனையைப் பின்னின் உள்ளேயும் கறுப்பை வெளி வளையத்திலும் தொடுங்கள். அடாப்டரில் 12 வோல்ட் என்று இருந்தால் 12 பக்கம் காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் அடாப்டர் காலி. புதிது வாங்கும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், உள்ளே பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் படமும் ஒத்துப்போக வேண்டும். ஸ்பைக் பஸ்டர் போட்டிருக்கிறேனே என்பவர்களுக்கு: அதற்குள் திடீரென ஏறும் வோல்ட்டைத் தடுக்கும் வேரிஸ்டர் என்ற பாகம் ஒரு பெரிய அடியைத் தாங்கியதும் செத்துப்போகலாம். அதன் பிறகு அது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். இடி கேட்டதும் ப்ளக்கையும் கேபிள் ஒயரையும் பிடுங்குவதற்கு இணை எதுவும் இல்லை.

தண்ணீர் புகுந்தால்

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்தபோது பட்ட பாடு நம் மாவட்டத்துக்கு நினைவிருக்கும். நனைந்த சாமானை "ஓடுதா பார்ப்போம்" என்று ஆன் செய்வதுதான் அதைக் கொல்லும். கடல் தண்ணீர் என்றால் காயவைப்பதும் போதாது. உப்பு உள்ளேயே தங்கி செம்பைப் பச்சையாக அரிக்கும். மிக்சி, டேபிள் ஃபேன் போன்றவற்றைத் திறந்து நல்ல தண்ணீரில் அலசி, பல நாள் நன்றாகக் காயவிட்டு, மெக்கானிக்கிடம் இன்சுலேஷன் சோதித்த பிறகே ஓட்டுங்கள். இன்வெர்ட்டர், பேட்டரி பக்கம் நீங்கள் போகவே வேண்டாம்.

திறக்கக் கூடாதவை

மைக்ரோவேவ். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 2000 வோல்ட் அளவுக்கு நிற்கலாம். பழைய பிக்சர் டியூப் டிவியும் அப்படித்தான், இன்னும் மோசம். ஃபிரிட்ஜின் கேஸ் குழாயைத் தொடாதீர்கள், இப்போது பலவற்றில் தீப்பிடிக்கும் ஆர்600ஏ கேஸ். பேட்டரி உப்பிய போனை அமுக்கவோ குத்தவோ கூடாது. வாரன்டி இருக்கும் எதையும் திறக்க வேண்டாம். கம்பெனி இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம்.

கடைக்குப் போகும்போது

"ஓடல" என்று மட்டும் சொல்லாமல், "ஓவர்லோட் அமுக்கிப் பார்த்தேன், கப்ளர் லேசா சுத்துது, ஆனா மோட்டார் சத்தமே இல்ல" என்று சொல்லுங்கள். பேச்சே மாறும். செலவை முன்னாலேயே கேளுங்கள், மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேறாது என்று ஆனவற்றை என்ன செய்வது? மின்னணுக் கழிவுக்கான 2022 விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பழைய சாமான்கள் முறையாக மறுசுழற்சிக்குப் போவதற்குத் தயாரித்த கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு. புதிது வாங்கும் கடையில் எக்ஸ்சேஞ்ச் கேட்பதும் ஒரு வழி. ஆக்கர் கடைக்குத்தான் போடப் போகிறீர்கள் என்றால் அங்கே செம்புக்காக ஒயரை எரிக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். போன், ரிமோட், எமர்ஜென்சி லைட் எதுவானாலும் கழற்ற முடிகிற பேட்டரியைக் கழற்றி, முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மற்றவற்றோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள்.