மஞ்சள் விளக்கு எரிந்த ஆக்சிஜன் கருவி

மலாவியில் ஒரு கிராமத்து மிஷன் மருத்துவமனை. குழந்தைகள் வார்டில் இருந்த ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. வெளிவரும் ஆக்சிஜனின் தூய்மை குறைகிறது என்று அர்த்தம். நிமோனியாவில் மூச்சு வாங்கும் பிள்ளைகள் படுத்திருக்கும் இடத்தில் அதை ஒருநாள் கூட அப்படியே விட முடியாது. முதலில் அதில் இருந்த குழந்தையை வேறு கருவிக்கு மாற்றினோம்.

அங்கே செப்டம்பர், அக்டோபரில் மழை ரொம்ப அரிது, எங்கும் செம்மண் புழுதி. கருவி அறைக் காற்றை இழுத்து, சியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் நிரம்பிய உருளைகளில் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடுகிறது. காற்று நுழையும் வழி அடைத்தால் எல்லாம் கெடும்.

பின்பக்க வடிகட்டியைக் கழற்றினேன். செங்கல் நிறத்தில் புழுதி அப்பியிருந்தது. சோப்புத் தண்ணீரில் அலசி, முழுக்க உலரவிட்டு மாட்டினேன். ஈரத்தோடு மாட்டவே கூடாது, ஈரம் சியோலைட்டைப் பாழாக்கும். சுவரை ஒட்டி நின்ற கருவியை ஒரு முழம் தள்ளி வைத்தேன், சூடு வெளியேறட்டும் என்று. விளக்கு பச்சைக்கு மாறியது. அப்புறம் ஆக்சிஜனின் தூய்மையை அளக்கும் அனலைசரில் பார்த்தால் 90 சதவீதத்துக்கு மேல்!

இப்போது இரண்டு வடிகட்டிகள் வைத்திருக்கிறோம். வாராவாரம் ஒன்றைக் கழுவிக் காயப்போடும்போது மற்றது கருவியில் இருக்கும். புழுதிக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு முறை.