பாட்டு வரிகளைத் திரையில் போடுமுன் பிழை பார்க்கும் முறை

போன தைப்பொங்கலுக்குச் சித்தப்பா மகன் எழுதிப் பாடிய பாட்டுக்கு நான்தான் வரிக் காணொளி செய்தேன். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அந்தப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே எடுத்த படம். ஏற்றி அரை நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது: "மழை ஏறிப் போறவளே" என்று ஓடுகிறது. அவன் பாடியது மலை. யூடியூபில் ஏற்றிய காணொளிக்குப் பதிலாக அதே இணைப்பில் வேறு கோப்பை வைக்க முடியாது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினோம். அதற்குப் பிறகு 8 பாட்டுக்கு வரி போட்டிருக்கிறேன். இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன். காணொளி வெட்டி ஒட்ட உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. வரிகளைத் தனிக் கோப்பில் எழுதுங்கள்

எடிட்டிங் செயலிக்குள் நேராகத் தட்ட வேண்டாம். யாராவது பாமினி எழுத்துருவில் தட்டிக் கொடுத்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினி பார்வைக்குத் தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. பிழைதிருத்தியால் அதைப் படிக்க முடியாது.

ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறை எனக்குப் பிடிக்காது. முதலில் காட்டும் சொல்லை விரல் தொட்டுவிடும். பனி விழ வேண்டிய இடத்தில் பணி விழும். தமிழ்99 விசைப்பலகை பழக ஒரு வாரம் போதும்.

2. சத்தத்தை நிறுத்திவிட்டு வாசியுங்கள்

பாட்டு ஓடினால் காது கண்ணை ஏமாற்றிவிடும். கடைசி வரியில் தொடங்கி மேலே போங்கள். நம் பேச்சில் ழ பெரும்பாலும் ள ஆகிவிடுவதால் "கொளுந்து" என்று எழுதியது கண்ணை உறுத்தாது. "பரிக்கிற" என்பதும் அப்படித்தான். பரி குதிரை, கொழுந்தைப் பறிக்க வல்லின ற வேண்டும்.

3. திருத்தியில் போடுங்கள், ஆனால் சொன்னதையெல்லாம் கேட்காதீர்கள்

எழுத்துப் பிழைக்கு வாணி, சந்திக்கு நாவி. இரண்டும் நீச்சல்காரன் என்ற பெயரில் இயங்கும் நிரலர் உருவாக்கிய திருத்திகள், இணையத்தில் கிடைக்கின்றன.

நான் சறுக்கியது இந்தப் படியில்தான். இரண்டாவது பாட்டில் "பெரட்டு" என்று ஒரு சொல். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடும் இடம் பெரட்டுக்களம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பரேட் என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்து மக்கள் வாயில் அப்படி ஆனது. போனில் அதற்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்ததும் "புரட்டு" என்று மாற்றிவிட்டேன். புரட்டு என்றால் பொய். "ஆஞ்ச கொழுந்து" என்பதையும் "பறித்த கொழுந்து" ஆக்கினேன். அம்மாயி முப்பது வருஷம் கொழுந்துக் கூடை சுமந்தவர். அவரிடம் காட்டினேன். "ஏய்யா, பாட்டுல ஒண்ணு கேக்குது, எழுத்துல வேற ஓடுது. நாங்க பேசுறது தப்பா?" என்று கேட்டார். அன்று இரவே எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன்.

பாடியவர் வாயில் வந்ததுதான் வரி. "போறவளே" அப்படியே இருக்கட்டும், "மரங்க ஆடுது" என்பதில் ஒருமை பன்மை பார்க்க வேண்டாம், கோப்பியைக் காபி ஆக்கவும் வேண்டாம். ஆனால் பேச்சுச் சொல்லுக்கும் எழுத்து ஒழுங்கு உண்டு. "ஆஞ்ச" சரி, "ஆன்ச" பிழை.

சந்தியும் காதில் கேட்கும். "கூடையைத் தூக்கி" என்பதைக் "கூடையத் தூக்கி" என்று பாடினாலும் அந்த த் இருக்கிறது, எழுதுங்கள். மலைக்குப் போய், அந்தப் பாதை என்பவற்றிலும் ஒற்று வரும். "ஒரு கூடை" என்பதில் வராது. "அந்தப்" ஒரு வரியிலும் "பாதையில" அடுத்த வரியிலும் வந்தாலும் ப் போகக் கூடாது.

4. திரையில் ஒரு சோதனை

கொழுந்து, மேடை, கௌரி என்ற மூன்று சொற்களைச் செயலியில் ஒட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், செயலிக்குள் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் எழுத்துப் பொறி சரியில்லை. ப்ரீமியரிலும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் அமைப்புக்குள் போய்த் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கான எழுத்துப் பொறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருதான் போடுவேன். கௌ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ள எழுத்தைத் தட்டியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் கிடைக்காது.

பிறகு சேர்த்தது

பதுளையிலிருந்து ஒரு தங்கச்சி, தன் போன் செயலியில் எழுத்துப் பொறியை மாற்றும் அமைப்பே இல்லை என்று எழுதியிருந்தார். அப்படியானால் வரிகளை எழுத்து ஒழுங்காக வரும் வேறு செயலியில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து மேலே வையுங்கள்.

இன்னொருவர், ஏற்றிய பிறகும் திருத்த வழி உண்டா என்று கேட்டார். உண்டு. வரிகளைப் படத்தோடு ஒட்டாமல், நேரம் குறித்த எஸ்ஆர்டி கோப்பாக யூடியூபில் வசனவரியாக ஏற்றுங்கள். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், இணைப்பு அப்படியே இருக்கும். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று கொடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும்.