இன்சுலின் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் வயிற்றைத் தடவிப் பாருங்கள்

இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பது என் வேலை. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் கவனிக்காமல் விட்ட அதே தவறுகளைப் புதியவர்கள் இன்றும் வரிசையாகச் செய்கிறார்கள். கையைக் கழுவுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே இருக்கிறது. அதை யாரும் பிரிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஒரே இடத்தில் குத்துவது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஊசி போட ஆரம்பித்தவர் சில நாட்களில் தனக்கு வசதியான ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்வார். பெரும்பாலும் தொப்புளுக்குப் பக்கத்தில், கை தானாகப் போய் நிற்கும் இடம். முதலில் சுருக்கென்று இருக்கும். சில மாதங்களில் வலி குறையும். "பழகிப்போச்சு சிஸ்டர்" என்பார் சந்தோஷமாக. எனக்கு வயிற்றைக் கலக்கும். தோலுக்கு அடியில் கொழுப்பு தடித்து, உணர்ச்சி மங்கினால்தான் அப்படி வலி போகும்.

இன்சுலின் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் அனுப்புகிறது என்பது தெரிந்த கதை. கொழுப்புச் செல்களைப் பார்த்து "சேர்த்து வை, பெருத்துப் போ" என்று சொல்வதும் அதே இன்சுலின்தான். அதை ஒரே இடத்தில் தினமும் இறக்கினால், கூடவே மழுங்கிய பழைய ஊசிமுனையால் அந்த இடத்தைக் காயப்படுத்தினால், அங்கே மேடு தட்டும். லைப்போஹைப்பர்ட்ரோபி என்று டாக்டர் எழுதுவார். அந்த மேட்டுக்குள் போகும் மருந்து எப்போது ரத்தத்தில் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்று மெதுவாக ஊறும், நாளை சரசரவென்று இறங்கும்.

ஒருவர் வந்தார். 24 யூனிட்டில் ஆரம்பித்து 46 யூனிட்டுக்கு ஏறியிருந்தது. காலையில் ஒருநாள் சுகர் 110, மறுநாள் 290. ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறார் என்று வீட்டில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். அந்தச் சண்டையில் கணவன் மனைவிக்குள் பேச்சே நின்றுபோயிருந்தது. பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் சீட்டில் டோஸை ஏற்றினார்களே தவிர, சட்டையைத் தூக்குங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. தூக்கினால், தொப்புளுக்கு இரண்டு பக்கமும் பாதி முட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி மேடு.

கதை இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. "அங்கே இனிமேல் குத்தாதீர்கள். இடத்தை மாற்றும்போது டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும், டாக்டரைக் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள்" என்று அனுப்பினேன். முதல் வாக்கியம் மட்டும் காதில் ஏறியது. அன்று இரவே தொடையில் முழு 46 யூனிட். நள்ளிரவில் வியர்த்துக் கொட்டி உளற ஆரம்பித்துவிட்டார். மனைவி எழுந்து பார்த்ததில் சுகர் 41. நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது, அதனால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துத் தப்பினார்கள். மேட்டில் தேங்கிக்கொண்டிருந்த 46 வேறு, நல்ல திசுவில் முழுசாக வேலை செய்யும் 46 வேறு. டோஸை எவ்வளவு குறைப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத மேடும் உண்டு. குளிக்கும்போது சோப்புக் கையால் வயிற்றையும் தொடையையும் மெதுவாகத் தடவிப் பாருங்கள், விரலுக்குத் தட்டுப்படும். வயிற்றை நான்கு பாகமாக வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு பாகம், அதற்குள்ளும் ஒவ்வொரு ஊசிக்கும் நடுவே ஒரு விரல் அகல இடைவெளி. மேட்டைத் தொடாமல் விட்டால் மாதக்கணக்கில் மெல்ல வற்றும். பருமனானவருக்கு நீள ஊசி வேண்டும் என்பதும் தேவையில்லாத பயம். பெரியவர்களுக்கு இன்சுலின் பேனாவில் (பேனா மாதிரி இருக்கும், மருந்து உள்ளேயே இருக்கும் ஊசி) 4 மில்லிமீட்டர் முனையே போதும்.

"சாப்பிடல, அதனால போடல"

காய்ச்சல், வாந்தி என்று வந்தால் இன்சுலினை மொத்தமாக நிறுத்திவிடுகிறார்கள். முதல் வகைச் சர்க்கரை நோய் (உடம்பில் இன்சுலின் சுரப்பே அற்றுப்போன வகை) உள்ளவர் இதைச் செய்தால் உயிருக்கே ஆபத்து. வயிறு காலியாக இருந்தாலும் கல்லீரல் சர்க்கரையை விட்டுக்கொண்டேதான் இருக்கும். காய்ச்சல் நேரத்தில் அது இன்னும் அதிகம். அதை அடக்க இன்சுலின் இல்லையென்றால் உடம்பு கொழுப்பைக் கரைக்கும், கீட்டோன் சேரும், ரத்தம் அமிலமாகும்.

பட்டினி இன்சுலினுக்கு மாற்றாகாது என்பது நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. 1922க்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகளை அரைப்பட்டினி போட்டுத்தான் நாளைத் தள்ளினார்கள். எலும்பும் தோலுமாகிச் செத்துப்போனார்கள். அந்த வருடம் ஜனவரியில் டொராண்டோவில் முதல் ஊசி போட்டுக்கொண்ட லெனார்ட் தாம்ப்சனுக்கு வயது 14. அவனும் அப்படித்தான் நலிந்து கிடந்தான். முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. மருந்தைச் சுத்திகரித்து, பன்னிரண்டு நாள் கழித்துப் போட்டதும் சுகர் இறங்கியது. அதற்குப் பிறகு 13 வருடம் உயிரோடு இருந்தான்.

நாள் முழுக்க வேலை செய்யும் நீண்ட நேர இன்சுலினை உடம்பு சரியில்லாத நாளிலும் நிறுத்தக் கூடாது. சாப்பாட்டுக்குப் போடுவதை மட்டும் எப்படிக் கூட்டிக் குறைப்பது என்று நல்ல நாளிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

40க்கு 100

குப்பியில் மில்லிக்கு 40 யூனிட் என்று ஒன்று, 100 யூனிட் என்று ஒன்று. சிரிஞ்சும் அப்படியே: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். மாற்றிச் செய்தால் 8 யூனிட்தான் போகும், மூன்று மாதம் கழித்து "இன்சுலின் எனக்கு வேலை செய்யல" என்று வந்து நிற்பார்கள். கடையில் எதைக் கொடுத்தாலும் மூடியின் நிறத்தையும் குப்பியில் இருக்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பொறுமையில்லாமல் மேலே மேலே போடுவது

வேக இன்சுலின் போட்டு ஒரு மணிநேரத்தில் பார்த்தால் சுகர் பெரிதாக இறங்கியிருக்காது. இன்னொன்று போடுவார்கள். முதலில் போட்டது நான்கு மணிநேரம் வரைகூட உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து இறங்கும்போது ஆள் தள்ளாடுவார்.

ஃப்ரீசர்

உறைந்துபோன இன்சுலின் குப்பைக்கு. உருகினாலும்தான்.

குத்தியவுடன் ஊசியை உருவுவது

பேனா என்றால் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பத்து எண்ணுங்கள்.

பேனாவை இன்னொருவருக்குக் கொடுப்பது

கூடாது. முனையை மாற்றிவிட்டுக் கொடுத்தாலும் கூடாது, ஒருவருடைய ரத்தம் மருந்துக் குழாய்க்குள் பின்னோக்கி ஏறியிருக்கலாம். கணவன் மனைவிக்கும் இதே பதில்தான்.