புதிதாகத் திறந்த மொழிப் பள்ளியில் வேலையா? கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

புதிய தனியார் மொழிப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தால், சம்பளத்தைப் பேசும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இன்றைய தேதிக்கு எத்தனை பேர் கட்டணம் கட்டிச் சேர்ந்திருக்கிறார்கள்? விசாரித்துவிட்டுப் போனவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். இந்தப் பள்ளிகள் பெரும்பாலும் மாணவர் கட்டணத்தில்தான் ஓடுகின்றன. வகுப்பு நிரம்பாவிட்டால் முதலில் குறைவது உங்கள் மணிநேரம்தான்.

அதனால் ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள். "வாரத்துக்கு 25 மணிநேரம் வரை" என்று இருந்தால் அது உறுதியே அல்ல; அந்த 'வரை'க்குள் 6 மணிநேரமும் அடங்கிவிடும். "குறைந்தது 20 மணிநேரத்துக்குச் சம்பளம்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் வகுப்பு ரத்தானால் பணம் உண்டா, வேலையை விட்டு அனுப்புவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். வாய்வார்த்தை போதாது.

வெளிநாடு என்றால் இன்னும் கவனம் தேவை. பல நாடுகளில் வேலை விசா அந்தப் பள்ளியோடு பிணைந்திருக்கும். பள்ளி மூடினால் விசாவும் ஆட்டம் காணும். பள்ளியை நடத்த உரிமம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள்.

அப்புறம், எடுத்த வகுப்புகளைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சம்பளம் இரண்டாவது முறையும் தள்ளிப்போனால் அன்றே வேறு வேலை தேடத் தொடங்கிவிடுங்கள்.