வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு 14 வயது நெருங்கும்போது சேர்க்க வேண்டிய காகிதங்கள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோர் முதலில் கேட்பது, பிள்ளையின் படிப்பைப் பற்றிய ஆண்டறிக்கையை யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான். யாருக்கும் வேண்டாம், நம் நாட்டில் அப்படியொரு சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவேட்டை உள்ளாட்சி அமைப்பு பராமரிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்வதால், பஞ்சாயத்திலிருந்து யாரேனும் வந்து விசாரிக்கக்கூடும்.

எனவே முதல் வேலை, வருபவரிடம் காட்ட ஒரு குறிப்பேடு. மாதத்துக்கு ஒரு பக்கம் போதும்: பாடம், புத்தகம், எழுதிய பயிற்சி, தேதி.

இரண்டாவது, பிறப்புச் சான்றிதழ். எல்லைப்புறக் குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தால் பிள்ளை பொள்ளாச்சியிலோ கோவையிலோ பிறந்திருக்கும். சான்றிதழ் தமிழ்நாட்டுடையதாகவும் ஆதார் கேரள முகவரியிலும் இருக்கும். ஒன்றில் இனிஷியல் மட்டும், மற்றதில் தந்தையின் முழுப்பெயர். ழகரத்துக்கு ஒன்றில் ஓர் ஆங்கில எழுத்து, மற்றதில் இரண்டு. சில சான்றிதழ்களில் பிள்ளையின் பெயருக்கான இடமே காலியாக இருக்கும். பெயரைச் சேர்க்க, பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகள் வரையே விதி இடம் தருகிறது. அதுவும் பிறப்பு பதிவான ஊரின் பதிவாளரிடம்தான், கேரளப் பஞ்சாயத்தில் அன்று. என் மகளுக்காக நான் மூன்று முறை பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினேன்.

அதன் பிறகு ஆதாரைச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்துங்கள். ஆதார்ப் பணி நடக்கும் அக்ஷயா மையமே, அதாவது கேரள அரசின் இணையச் சேவை மையமே, போதும். 15 வயதில் கைரேகையையும் கருவிழியையும் எப்படியும் புதுப்பிக்க வேண்டும் என்றாலும், பெயர்த் திருத்தத்தை அதுவரை தள்ளிப்போடாதீர்கள்.

14 வயது நிறைந்ததும், மத்திய அரசின் கீழ் 1989 முதல் இயங்கும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.-இல், பத்தாம் வகுப்புக்கு இணையத்தில் பதிவு செய்யலாம். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவர், பாடத்தைத் தொடருமளவு படித்திருப்பதாகத் தாமே எழுதித் தரும் உறுதிமொழி போதும். மொழிப்பாடம் ஒன்றாவது உட்பட ஐந்து பாடங்கள் வேண்டும். தமிழின் குறியீடு 237, கணிதம் 211, அறிவியல் 212. கணிதத்தை விட்டுவிடவும் அனுமதி உண்டு. விடாதீர்கள், பிறகு பாலிடெக்னிக் என்று பிள்ளை கேட்டால் வழியிருக்காது. தேர்ச்சிக்கு 33 விழுக்காடு. பதிவு 5 ஆண்டுகள் செல்லும். தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடப்பதால் ஒரே மூச்சில் ஐந்தையும் எழுத வேண்டியதில்லை.

விண்ணப்பத்தை இறுதியாக அனுப்புமுன், திரையில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் பிறப்புச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, பிள்ளையையும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.