வீட்டில் மரத்தளம் பாவும் முறைகள்

நம் ஊர் வீடுகளில் மரத்தளம் பாவுவது என்றால், பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் சிமெண்டுத் தரையின் மீதோ டைல்ஸின் மீதோ பாவுவதுதான். பலகையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது அந்தப் பழைய தரையைச் சோதிக்கச் செலவிட்டால், பின்னாளில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி வராமலே போகும். மரம் ஈரத்தை உறிஞ்சினால் அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அந்த மாற்றம் மிகச் சொற்பம். கோடையில் ஏ.சி. ஓடும் அறையிலும், ஐப்பசி கார்த்திகை மழையில் அதே அறையிலும் ஒரே பலகை ஒரே அகலத்தில் இருப்பதில்லை.

முதலில் ஈரத்தைச் சோதிக்க வேண்டும். புதிதாகப் போட்ட கான்கிரீட் 28 நாளில் வலுப்பெற்றுவிடும். ஆனால் உலர அதைவிட நெடுநாள் பிடிக்கும், எனவே இரண்டு மாதமாவது பொறுப்பது நல்லது. இரண்டடிக்கு இரண்டடி கண்ணாடி பாலித்தீன் தாளைச் சிமெண்டுத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப் கொண்டு காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி அரும்பியிருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ, தரை இன்னும் தயாராகவில்லை என்று பொருள். தரைத்தள வீடாக இருந்தால் கரையான் தடுப்பு மருந்தையும் இப்போதே அடித்துவிட வேண்டும், ஏனெனில் பலகை விழுந்த பிறகு அதற்கு வழியில்லை.

அடுத்தது மட்டம். இரண்டு மீட்டர் அலுமினியக் கோலைத் தரையில் பல திசைகளில் வைத்துப் பார்த்து, அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால், மேட்டைத் தேய்த்தோ பள்ளத்தை நிரப்பியோ சமன் செய்ய வேண்டும். தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது போல ஒலிக்கும் டைலைப் பெயர்த்து மீண்டும் பதிக்க வேண்டும்.

பாவும் முறைகள் மூன்று. 18 முதல் 20 மி.மீ. தடிமனுள்ள முழு மரப் பலகையைத் தரையில் பொருத்திய ரீப்பர்கள் (நீளமான மரச் சட்டங்கள்) அல்லது ப்ளைவுட்டின் மீது ஆணியடித்துப் பாவுவது முதல் முறை. பலகையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கில் சாய்வாக அடிக்கும் ஆணியை, அந்த நாக்கு நுழையும் அடுத்த பலகையின் காடி (பள்ளம்) மறைத்துவிடும். இதில் தரை 4 செ.மீ.க்கு மேல் உயரக்கூடும் என்பதால், கதவுகளையும் வாசற்படியையும் முன்னதாகவே கணக்கில் கொள்ள வேண்டும். இதற்குத் தேக்கே என் முதல் தேர்வு: பச்சை மரம் முற்றும் உலரும்போது, அதிகம் சுருங்கும் திசையில் தேக்கு ஏறத்தாழ 6 சதவீதமும், வெள்ளை ஓக் 10 சதவீதத்துக்கு மேலும் சுருங்குகின்றன. இரண்டாவது, ப்ளைவுட் அடுக்கின் மேல் நல்ல மரத்தை ஒட்டிச் செய்த எஞ்சினியர்டு பலகையைப் பசை தடவி ஒட்டும் முறை. நடந்தால் வெற்றொலி எழாது, ஆனால் பிற்பாடு பெயர்ப்பது பெரும்பாடு.

மூன்றாவது, தரையோடு எதையும் பிணைக்காமல் பலகைகளை ஒன்றோடொன்று பூட்டும் மிதவை முறை. எஞ்சினியர்டு பலகைக்கும், மர நார்ப் பலகையின் மேல் மரத்தின் படத்தை ஒட்டிச் செய்த லேமினேட்டுக்கும் ஏற்ற இதை, பழக்கமில்லாதவர்களும் கவனமாகச் செய்தால் செய்துவிடலாம். பலகைப் பெட்டிகளைப் பிரிக்காமல், பாவப்போகும் அதே அறையில் 48 மணி நேரம் படுக்கைவசமாக வைத்திருங்கள். பாலித்தீன் தாளை ஒன்றன் மேல் ஒன்று 20 செ.மீ. ஏறும்படி விரித்து, அதன் மேல் 2 அல்லது 3 மி.மீ. ஃபோம் பரப்புங்கள், மெத்தென்று இருக்கட்டும் என்று இரட்டை ஃபோம் போட்டால் பூட்டுகள் முறிந்துவிடும். அறையின் அகலத்தைப் பலகையின் அகலத்தால் வகுத்து, கடைசி வரிசை 5 செ.மீ.க்குக் குறைந்தால், முதல் வரிசையை அதற்கேற்ப அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசையின் மூட்டுக்கும் அடுத்த வரிசையின் மூட்டுக்கும் 30 செ.மீ.யாவது தள்ளி இருக்க வேண்டும்.

சுவரைச் சுற்றிலும் 10 முதல் 12 மி.மீ. இடைவெளி விடுவதற்கு ஆப்புகளைச் செருகிக்கொள்ள வேண்டும். என் வீட்டுப் படுக்கையறையில் நிலைக்காலைச் சுற்றி மட்டும் இடைவெளியே இல்லாமல் பலகையை நெருக்கிப் பொருத்திவிட்டார்கள். பார்வைக்கு மிக நேர்த்தியாகத்தான் இருந்தது. கார்த்திகை மழை தொடங்கிய பத்தாம் நாள், அந்த இடத்தில் இரண்டு பலகைகளின் மூட்டு கூரை முகடு போல எழும்பி நின்றது. ஓரத்தில் ஒரு செ.மீ. அறுத்தெடுத்த பிறகுதான் அது மெல்லப் படிந்தது. நிலைக்காலை ஒட்டிப் பலகையை வெட்டுவதைவிட, ஒரு துண்டு ஃபோமின் மேல் ஒரு துண்டுப் பலகையை வைத்து, அதன் மேல் கைவாளைப் படுக்கையாக வைத்து நிலைக்காலின் அடியை அறுத்தால், பலகை அதனடியில் நுழைந்து, விரிய இடமும் கிடைக்கும். கல்நிலையாக இருந்தால், இடைவெளி விட்டு மேலே பட்டி வைத்து மறைக்கலாம்.

அலமாரியைத் தரையோடு முடுக்குவதாக இருந்தால், அதை முதலில் பொருத்திவிட்டு அதைச் சுற்றித் தளத்தைப் பாவுங்கள். மிதவைத் தளத்தை ஓரிடத்தில் இறுக்கிவிட்டால் அது மறுபக்கம் எழும்பும். முடிந்ததும் ஆப்புகளை எடுத்துவிட்டு, இடைவெளியை மறைக்கச் சுவரடியில் வைக்கும் ஸ்கர்டிங் பட்டியைச் சுவரில் மட்டும் அடியுங்கள், தளத்தில் ஆணி இறங்கக் கூடாது. மிஞ்சிய பலகைகளில் நான்கைந்தையாவது கட்டிலுக்கடியில் படுக்கையாக வைத்திருங்கள். சில ஆண்டுகள் கழித்து ஒரு பலகை கீறினால், அதே நிறம் கடையில் கிடைப்பது அரிது.