பானையில் துளை: பிட்டை மாற்றும்போதுதான் உடைகிறது

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி பழைய பொங்கல் பானையைக் கவிழ்த்துப்போட்டு, ட்ரில்லிங் மெஷினும் கையுமாக நின்றான். துளசி வைக்கப் போகிறானாம், தண்ணீர் வடிய அடியில் ஓட்டை வேண்டும். "சின்ன ஓட்டை விழுந்திருச்சுண்ணே, இனிமே கவலையில்ல" என்று சொல்லிக்கொண்டே பிட்டை, அதாவது மெஷினில் மாட்டுகிற துளைக்கும் கம்பியை, பெரிதாக மாற்றினான். நான் அவர்கள் வீட்டு மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் 'பட்'டென்று ஒரு சத்தம். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் கையில் கேட்ட அதே சத்தம்.

ஹேமர் மோடை (இடித்துக்கொண்டே துளைக்கிற முறையை) அணை, கண்ணாடி போடு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன். பானையை உடைக்கிற மற்றத் தவறுகள் இவை.

தட்டிப் பார்க்காமல் ஆரம்பிப்பது

விரலை மடக்கித் தட்டினால் 'ணங்' என்று வர வேண்டும். 'டப்' என்று வந்தால் எங்கோ மயிரிழைக் கீறல் இருக்கிறது. எவ்வளவு பதமாகத் துளைத்தாலும் அந்த வழியே பிளக்கும். மானாமதுரையில் எனக்குப் பானை கொடுத்தவர் ஒவ்வொன்றையும் தட்டிக் காட்டித்தான் கொடுத்தார். கடம் செய்கிற ஊர், காது அப்படி.

காய்ந்த பானையில் துளைப்பது

முந்தின ராத்திரியே தண்ணீரில் ஊறப்போடுங்கள். பிட் சூடேறாது, தூசியும் அடங்கும். அந்தத் தூசியில் சிலிக்கா உண்டு என்பதால் ஊறினாலும் முகக்கவசம் வேண்டும். துளைக்கும்போது மேலே தண்ணீரை ஊற்றாதீர்கள், கையில் இருப்பது கரண்ட் மெஷின்.

நாலிலிருந்து ஒரே தாவலில் பன்னிரண்டு

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. மரவேலை செய்து பழகிய கை, முதலில் 4 மி.மீ. துளை போடும், உடனே 12 மி.மீ. பிட்டை மாட்டும். மரத்தில் அது சரி. மேசனரி பிட்டின் (சுவர், செங்கல் துளைக்கிற பிட்) நுனியைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள்: கார்பைடு என்கிற கடினமான பொருளில் தட்டையான ஒரு துண்டு, இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். துளையே இல்லாத இடத்தில் நடுமுனை மண்ணில் ஊன்றிக்கொள்ளும், காதுகள் மெல்லச் சுரண்டும். ஏற்கெனவே ஓட்டை இருந்தால் நடுமுனைக்குப் பிடிமானம் கிடையாது. இரண்டு காதும் ஓட்டையின் விளிம்பைக் கவ்வும். மெஷின் நிற்காது, பானைதான் விட்டுக்கொடுக்க வேண்டும். சுட்ட மண் அமுக்கினால் ஓரளவு தாங்கும், பிய்த்து இழுத்தால் தாங்காது.

நான் அப்படிப் பலி கொடுத்தது அப்பத்தாவின் தண்ணீர்ச் சால், பெரிய மண்பானை. மல்லிகை வைக்க ஆசைப்பட்டேன். பிட் கவ்வியது, நான் இன்னும் அழுத்தினேன், பிட் சடக்கென்று உள்ளே இறங்கியது. பின்னாலேயே சக் (பிட்டைப் பிடித்திருக்கும் மெஷினின் வாய்) வந்து அடிப்பாகத்தில் இடித்தது. துளையிலிருந்து கழுத்து வரை ஒரே கோடு. அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை, சில்லுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது நான் செய்வது இதுதான். 4-க்கு அடுத்து 5, 6, 8 என்று ஏறுவேன், வேகம் குறைவாக. மெஷினின் எடையே போதும், கையால் அழுத்துவதில்லை. கடைசி இரண்டு மில்லிமீட்டரில் மெஷினைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பேன். எட்டுக்கு மேல் உருண்டை அரத்தால் ராவிப் பெரிதாக்குவேன். கால் மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும். அடிக்கடி செய்கிறவர்கள் 12 மி.மீ. டைமண்ட் கோர் பிட் (விளிம்பில் வைரத்துகள் பதித்த குழாய் மாதிரியான பிட்) வாங்கிவிடலாம். அது கவ்வாது, தேய்த்துக்கொண்டே போகும். முதலில் சின்ன ஓட்டை போடும் வேலையே இல்லை.

அடியில் தாங்கல் இல்லாமல்

பானைக்குள் ஈர மணலைக் கெட்டித்து, வாயில் பலகை வைத்துக் கவிழ்த்தால் பிட் வெளியேறும் பக்கம் சில்லு பெயர்வது குறையும். பெயர்ந்தாலும் உள்பக்கம்தான், கண்ணில் படாது. ஆடினால் பழைய பிரிமணையைச் சுற்றி அண்டக் கொடுங்கள்.

ஆணியும் சுத்தியலும்

வேண்டாம்.

பீங்கான் தொட்டிக்கும் அதே பிட்

வழுக்கும். டைல்ஸ் பிட் வாங்குங்கள், குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

துளை போட்ட பானையைத் தரையோடு ஒட்டி வைப்பது

ஓட்டை அடைபட்டு வேர் அழுகும். அடியில் மூன்று ஓட்டுத் துண்டு, உள்ளே துளைமேல் குழிவு கீழே பார்க்க ஒரு சில்லு. என்னிடம் அந்தச் சாலின் சில்லு இன்னும் அரைச் சாக்கு கிடக்கிறது. தம்பிக்கும் நாலு கொடுத்தனுப்பினேன்.